நெற்றியில் ஒட்டும் ஒளி

2020 ஏப்ரல் 1. மாட்டுங்கா, செம்பூரைப் போலவே தமிழர்கள் நிறைந்த மும்பை தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழும் அங்கே, சந்து சந்தாக நுழைந்த சுகாதாரப் பணியாளர்களுக்குக் கைகொடுத்தது ஒரு சின்ன கிளிப்: பல்ஸ் ஆக்ஸிமீட்டர்.

அதன் சூட்சுமம் எளிது. சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவுகின்றன. ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் அகச்சிவப்பையும், ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் சிவப்பையும் அதிகம் உறிஞ்சும். அந்த வித்தியாசம்தான் திரையில் எண்ணாகிறது. ஆனால் கிளிப் பொருந்துவது விரல், காது மடல் போன்ற இடங்களில்தான்.

இதற்கு மாற்று, வளையும் விளக்கு. 2018-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் அனா கிளாடியா அரியாஸ் குழுவினர், கார்பன் சேர்மங்களை பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகளை உருவாக்கினர். உடலுக்குள் போய்த் திரும்பும் ஒளியைக் கொண்டே அளப்பதால் நெற்றியில் வைத்தாலும் போதும்.

ஆளை அடையாளம் காணவும் அகச்சிவப்பு உதவும். மண் பிசைந்து கைரேகை தேய்ந்த குயவருக்கும், தோலுக்கடியில் ஓடும் ரத்த நாளங்களின் அமைப்பை அது காட்டிக்கொடுக்கும்.

சிக்கல்களும் உண்டு. ஈரமும் காற்றும் பட்டால் இந்தச் சேர்மங்கள் கெட்டுவிடும். மும்பை மழைக்கு நல்ல உறை வேண்டும். அதைவிடப் பெரியது நிறப் பிரச்சினை. வழக்கமான ஆக்ஸிமீட்டர்கள் ஆக்ஸிஜன் குறைவைக் கோட்டைவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பரிடம் சுமார் மூன்று மடங்கு என்றது 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. தோலின் கருநிறமி ஒளியை விழுங்குவதே காரணமாகக் கருதப்படுகிறது. புதிய விளக்கு தாராவிக்கு வருமுன், தாராவி மக்களின் நிறங்களில் சோதிக்கப்பட்டாக வேண்டும்.