நாலு வரி ஸ்கிரிப்டுக்கு எதுக்கு டெஸ்ட்?

நானும் பல வருஷம் இப்படிக் கேட்டவன்தான். ஜாவாவில் எழுதினால் டெஸ்ட் உண்டு. ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன், ஓடுச்சுன்னா அவ்ளோதான்.

2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் மென்பொருளில் ஒரு பிழை வெளியே வந்தது. அதன் ஸ்கிரிப்ட், தான் இருக்கும் ஃபோல்டரை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அதோடு ஒரு சாய்கோடும் நட்சத்திரக்குறியும் சேர்த்து ஆர்எம் கட்டளையிடம் கொடுத்தது. ஃபோல்டரை இடம் மாற்றிய ஒருவருக்கு அந்த மாறி காலியாகிவிட்டது. மிஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது ரூட்டில் இருக்கும் எல்லாமே! அவருடைய கோப்புகள் போயின, இணைத்திருந்த வெளி டிஸ்க்கில் இருந்தவையும் சேர்த்து.

இதைப் படித்துவிட்டு என் வீட்டு பேக்கப் ஸ்கிரிப்டைத் திறந்தேன். அச்சு அசலாக அதே மாதிரி ஒரு வரி. பொண்ணு குழந்தையா இருந்தப்ப எடுத்த படங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான்.

சரி, அழிக்கிற ஸ்கிரிப்டை எதையும் அழிக்காமல் எப்படிச் சோதிப்பது? போலி ஆர்எம் ஒன்று செய்யணும். அது எதையும் அழிக்காது. தனக்கு வந்த பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதை ஒரு தற்காலிக ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டரை 'பாத்' மாறியின் முன்னால் சேர்த்தால், ஷெல் நிஜத்தை விட்டுவிட்டுப் போலியைத்தான் கூப்பிடும். ஒரு எச்சரிக்கை: ஸ்கிரிப்டில் ஆர்எம்மை முழுப் பாதையோடு எழுதியிருந்தால் இந்த வித்தை பலிக்காது.

டெஸ்டை ஓட்ட 'பேட்ஸ்' என்ற கருவி போதும். ஸ்கிரிப்ட் திருப்பித் தரும் எண்ணையும், திரையில் எழுதுவதையும் பிடித்துக் கொடுக்கும். எண் 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி.

என் முதல் டெஸ்ட்: டிஸ்க்கின் பாதை இருக்கும் செட்டிங்ஸ் கோப்பு இல்லாமல் ஓட்டுவது. 0 அல்லாத எண் வரணும், போலியின் கோப்பு காலியா இருக்கணும். வந்ததோ 0. கோப்பில் ஹோம், யூஎஸ்ஆர், வார் என்று வரிசையாகப் பெயர்கள். நட்சத்திரத்தை விரிப்பது ஷெல்தானே! ஆர்எம்முக்குப் போவதற்கு முன்பே விரித்துவிட்டது. வயிற்றைக் கலக்கியது.

திருத்தம் இரண்டே எழுத்து. நெளிவு அடைப்புக்குள் மாறியின் பெயருக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி, ஒரு கேள்விக்குறி. மாறி காலி என்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். 'ஷெல்செக்' என்ற கருவி ஸ்கிரிப்டை ஓட்டாமலேயே இந்த வரியைக் காட்டி எச்சரிக்கும், அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் டெஸ்ட் எதுக்கு? அடுத்த வருஷம் அந்த வரியை 'சுத்தம்' செய்யப் போகிறவனும் நான்தானே.