அறையைப் பார்க்குமுன் ஒழுங்கையைப் பாருங்கள்

கொழும்பில் மகளுக்கு அறை தேடும் தாய்மார் என்னிடம் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். "அது எங்கட ஆக்கள் இருக்கிற இடமோ? கேற் பூட்டுகிற வீடோ? வீட்டுக்கார அம்மா கண்டிப்பான ஆளோ?" மூன்றுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்துவிட்டால், கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ இருக்கும் அந்தத் தாய் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார்.

சமூகப் பணியாளர் என்ற வகையில் நான் இத்தகைய அறைகள் பலவற்றுக்குச் சென்று வந்திருக்கிறேன். வங்கியில் வேலை கிடைத்து வந்தவர்கள், தாதியர் பயிற்சிக்கு வந்தவர்கள், புடவைக் கடைகளில் வேலை செய்பவர்கள், பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும் விடுதி கிடைக்காதவர்கள் என்று பலதரப்பட்ட யுவதிகள் அவற்றில் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கொண்டுவந்த பிரச்சினைகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை இரண்டு இடங்களில்தான் தொடங்கியிருக்கின்றன. ஒன்று, பஸ் தரிப்பிடத்துக்கும் வீட்டுக் கேற்றுக்கும் இடைப்பட்ட பத்து நிமிட நடை. மற்றது, அந்தக் கேற்றுக்கு உள்ளே. தாய்மாரின் மூன்று கேள்விகளும் இவ்விரண்டையும் தொடுவதில்லை.

"எங்கட ஆக்கள்" என்ற தேடலை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1983 ஜூலையைக் கண்ட குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. யுத்த காலத்தில் கொழும்பில் வந்து தங்கிய தமிழர்கள் பொலிஸ் பதிவுத் துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது என்றாலும், அன்றைய பயம் இலகுவில் போகவில்லை. ஆனால் அது கதவைத் தட்டும் சீருடையைப் பற்றிய பயம். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத் தனியே நடந்து வரும் பெண்ணின் பயம் வேறு. அயலில் தமிழ் வீடுகள் இருப்பது முதலாவது பயத்துக்கு ஓரளவு ஆறுதல் தந்தது. இரண்டாவதற்கு அது மட்டும் போதாது.

வெள்ளவத்தையையே எடுத்துக்கொள்வோம். காலி வீதி இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சமாகவே இருக்கும். 100, 101 இலக்க பஸ்கள் ஓடும், சாப்பாட்டுக் கடைகளில் கொத்துரொட்டிச் சத்தம் கேட்கும். அங்கிருந்து கடலை நோக்கி ஒழுங்கைகள் இறங்குகின்றன. அவை மரீன் டிரைவில் முடிய, அதற்கப்பால் புகையிரதப் பாதையும் கடலும். முன்னர் இந்த ஒழுங்கைகளில் விறாந்தை வைத்த வீடுகள் இருந்தன. மாலையில் ஆட்கள் விறாந்தையில் இருந்து கதைப்பார்கள், பிள்ளைகள் கேற்றடியில் விளையாடுவார்கள். இப்போது அந்த வளவுகள் பலவற்றில் தொடர்மாடிகள் எழும்பியிருக்கின்றன. கீழ்த்தளம் வாகனத் தரிப்பிடம். வீதியோரம் ஆளுயர மதில். ஆட்கள் வசிப்பது இரண்டாம் மூன்றாம் மாடியிலிருந்து மேலே. ஆயிரம் பேர் வாழும் ஒழுங்கையில் நிலமட்டத்தில் ஒருவரும் இல்லை! காவலாளிக்கும் அவருடைய கேற் மட்டும்தான் கணக்கு.

1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய நூலொன்றை நாங்கள் சமூகவியல் வகுப்பில் படித்தோம். தான் வாழ்ந்த நியூயோர்க் தெருவை உதாரணம் காட்டி அவர் சொன்னது இதுதான்: தெருவைப் பாதுகாப்பது முதன்மையாகப் பொலிசார் அல்லர், தம் வேலையைச் செய்தபடியே தெருவையும் பார்த்துக்கொண்டிருக்கும் கடைக்காரரும் குடியிருப்பாளரும் வழிப்போக்கரும்தான். பரீட்சைக்காகப் படித்த இந்தக் கருத்தின் பெறுமதி எனக்கு வெள்ளவத்தை ஒழுங்கைகளில்தான் விளங்கியது.

வவுனியாவிலிருந்து வந்த ஒரு தாதிக்கு இரண்டு அறைகள் கிடைத்தன. ஒன்று புதிய தொடர்மாடியில். மின்தூக்கி, காவலாளி, பளிங்குத் தரை எல்லாம் உண்டு. மற்றது ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே, படி ஏறும்போது கருவாட்டு மணம் வரும் பழைய கட்டிடத்தில். தாய் முதலாவதை விரும்பினார். மகளுக்கு இரவு வேலை இருந்தபடியால், அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில் இரண்டு இடங்களுக்கும் நடந்து பார்க்கும்படி சொன்னேன். தொடர்மாடிக்குப் போகும் வழியில் கட்டுமானத்துக்காகத் தகரம் அடித்து மறைத்த இரண்டு வளவுகள். விளக்குக் கம்பங்கள் இருந்தன, விளக்கு எரியவில்லை. கடைக்கு மேலிருந்த அறைக்குப் போகும் வழியில் மருந்துக்கடை, இடியப்பம் அவிக்கும் வீடு, துணி தைக்கும் இடம் மூன்றும் திறந்திருந்தன. அவர் கருவாட்டு மணத்தையே தெரிவு செய்தார்.

தரகர்கள் அறை காட்டுவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அந்நேரத்தில் எந்த ஒழுங்கையும் அழகாகத்தான் இருக்கும். ஆகவே முற்பணம் கொடுக்குமுன் ஒரு வேலை நாளில், நீங்கள் உண்மையில் வரப்போகும் நேரத்தில், இறங்கப்போகும் தரிப்பிடத்தில் இறங்கி நடந்து பாருங்கள். ஒரு தோழியையோ அக்காவையோ கூட்டிச் செல்லலாம். கனடாவின் ரொறன்ரோ நகரில் மெற்றாக் என்ற பெண்கள் அமைப்பு 1989இல் இப்படியான நடையை ஒரு முறையாகவே வகுத்தது. ஒரு பகுதியில் வாழும் பெண்கள் சிறு குழுவாக இருட்டிய பின் நடந்து, எங்கே வெளிச்சமில்லை, எங்கே ஒருவர் மறைந்து நிற்கலாம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் உண்டா, ஓட வேண்டி வந்தால் வழி உண்டா என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு பல நாடுகளில் இந்த முறை பின்பற்றப்பட்டது. நமக்கும் இதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

அயலாரிடம் "இந்த இடம் பாதுகாப்பானதா?" என்று கேட்பதில் பயனில்லை. தம் ஊரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "பிரச்சினை இல்லை" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பதில்தான் வரும். மருந்துக்கடையில் நிற்கும் பெண்ணிடமோ, வீட்டு வேலை முடித்துப் போகும் அம்மாவிடமோ, "நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள், எந்த வழியால் போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "இதால போனால் கிட்ட, ஆனால் நான் சுத்தித்தான் போறனான்" என்று ஒருத்தி சொன்னால், அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. சிங்களம் தெரியாதவர்கள் இந்த ஒரு கேள்வியையாவது சிங்களத்தில் பாடமாக்கிக்கொள்வது நல்லது.

ஓட்டோத் தரிப்பிடத்தைக் கண்டால் பலர் அந்த ஒழுங்கையையே கழித்துவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. நாள்தோறும் அதே ஐந்து பேர் நிற்கும் தரிப்பிடம் சில இடங்களில் அந்தத் தெருவின் காவல். வேறு சில இடங்களில் அதுவே தொல்லை. அங்கே நடமாடும் பெண்களுக்கு வித்தியாசம் தெரியும். மதுபானக் கடை விடயத்தில் எனக்கு இந்தத் தயக்கம் இல்லை. அது மூடும் நேரமும் நீங்கள் வரும் நேரமும் ஒன்றானால் வேறு வழி தேடுங்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வீதி விளக்கை மட்டும் நம்பியிருந்த ஒழுங்கைகள் அப்போது கிணறு போலாயின. வாசலில் மெழுகுதிரி வைத்துக்கொண்டு ஆட்கள் இருந்த ஒழுங்கைகளில் பெண்கள் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வழமை போல நடந்து வந்தார்கள்.

வாடகை குறைவு என்று தூரப் போகிறவர்கள் பஸ்ஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் நடத்திய ஆய்வில், பெண்களில் 90 சதவீதமானோர் பஸ்ஸிலோ புகையிரதத்திலோ பாலியல் தொந்தரவுக்கு உள்ளாகியிருப்பது தெரியவந்தது. இரண்டு பஸ் மாறி, நடுவே ஓரிடத்தில் இருபது நிமிடம் காத்து நிற்கும் அறை, காசில் மலிவாக இருக்கலாம்.

தெருவைப் பார்க்கும் கண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மவர் நெருங்கி வாழும் பகுதிகளில் கண்களுக்குக் குறைவில்லை. ஆனால் மகள் யாருடன் கதைத்துக்கொண்டு வந்தாள் என்ற செய்தி, அவள் வீடு வந்து சேருமுன்பே ஊருக்குப் போய்விடுகிறது. இதைப் பாதுகாப்பு என்று நான் ஏற்கமாட்டேன். தன்னைப் பின்தொடர்ந்தவனைப் பற்றி ஒரு யுவதி வீட்டில் சொல்லவே இல்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு வா என்பார்கள் என்று பயந்தாள். பக்கத்து வீட்டு அன்ரி அவள் பிந்தி வந்ததைக் கண்டார், அவனைக் காணவில்லை.

இனி கேற்றுக்கு உள்ளே. இங்குதான் பேச்சு சங்கடமாகிறது. நான் கண்ட மோசமான அனுபவங்களில் சில, பூட்டிய கேற்றுக்கு உள்ளே, மரியாதையான குடும்பங்களின் அனெக்ஸ்களில் நடந்தவை. வெளிக்கேற் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று விசாரிக்கும் நாம், அறையின் இன்னொரு திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை. வீட்டுக்காரர் ஒரு திறப்பை வைத்திருப்பது வழக்கம். அப்படியானால் முன்னறிவித்தல் இல்லாமல் உள்ளே வருவதில்லை என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். உள்ளிருந்து போடும் கொண்டி பலமாக இருக்கிறதா, குளியலறை யன்னல் யாருடைய மாடியைப் பார்த்திருக்கிறது, அறைக்கான மின் ஆளி யாருடைய வீட்டுக்குள் இருக்கிறது என்பவற்றை முதல் நாளே பாருங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

எல்லாவற்றையும் விட நான் வற்புறுத்துவது முற்பணத்தைப் பற்றி. ஆறு மாத வாடகையை, சில இடங்களில் ஒரு வருட வாடகையை, முன்கூட்டியே கேட்கிறார்கள். ஊரில் நகை அடைவு வைத்து அந்தப் பணத்தைக் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். வீட்டுக்காரரின் மகன் இரவில் கதவைத் தட்டத் தொடங்கிய பிறகும் ஒரு பெண் நான்கு மாதம் அதே அறையில் இருந்தாள். பணம் திரும்பக் கிடைக்காது என்பதே காரணம். மேசையை இழுத்துக் கதவோடு வைத்துவிட்டுப் படுத்தாள். ஒரு மாத முன்னறிவித்தலுடன் வெளியேறலாம், மிகுதி முற்பணம் திருப்பித் தரப்படும் என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் அவள் இரண்டாம் நாளே வெளியேறியிருப்பாள். கட்டும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முற்பணம் குறைந்த அறை சற்றுச் சிறியதாக இருந்தாலும் அதையே நான் சிபாரிசு செய்வேன்.

1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். அது தெருவில் நடந்தாலும் வாடகை வீட்டில் நடந்தாலும் ஒன்றுதான். அவசரத்துக்குப் பொலிஸ் இலக்கம் 119, பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. வீட்டுக்காரர் அடையாள அட்டைப் பிரதி கேட்டால், பிரதியின் குறுக்கே எதற்காகக் கொடுத்தது என்பதையும் திகதியையும் எழுதிக் கொடுங்கள்.

வீதி விளக்கு எரியாவிட்டால் மாநகர சபைக்கு அறிவிக்கலாம் என்பது வாடகைக்கு இருப்பவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் அது வீட்டுக்காரரின் வேலை என்று இருந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் காரில் வருகிறவர், அவருக்கு இருட்டுத் தெரியாது. ஒரு ஒழுங்கையில் மூன்று அனெக்ஸ்களில் தங்கியிருந்த ஏழு பெண்கள் சேர்ந்து, விளக்கில்லாத கம்பங்கள் எந்தெந்த வீட்டு வாசலில் நிற்கின்றன என்று குறித்து ஒரு கடிதம் எழுதினார்கள். அதில் ஒருத்திக்குச் சிங்களம் நன்றாக வரும், அவள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாவது வாரம் இரண்டு விளக்குகள் எரிந்தன. வளைவில் நிற்கும் மூன்றாவது கம்பத்துக்காக இப்போது இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.