கரையேறும் இடத்தை முதலில் பாருங்கள்

குளத்தோடும் கிணற்றோடும் வாழ்ந்தவர்கள் நாம். குளத்தில் இறங்கிய இடத்திலேயே கரையேறலாம். மலையாற்றில் அது முடியாது. இறங்கிய இடத்துக்குத் திரும்ப ஓட்டம் விடாது. இடம்பெயர்ந்து ஆற்றோரங்களில் தங்கியிருக்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அவிசாவளையிலிருந்து ஹற்றன் செல்லும் வீதியில் உள்ளது கித்துல்கல. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து உண்டாகும் களனி கங்கை, இங்கே பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாய்கிறது. காற்றடைத்த இறப்பர் படகில் துடுப்புப் போட்டு இதில் இறங்குவதற்கென்றே உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் வருகிறார்கள். காசு கொடுத்து நனைகிறார்களே என்று நாம் சிரிக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் நாம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு.

நல்ல படகு வழிகாட்டி முதலில் கரையேறும் துறையைத்தான் தீர்மானிப்பார். இறங்கும் துறை அதன் பிறகுதான். பெரிய பாறையின் கீழ்ப்புறத்திலும் வளைவின் உட்புறத்திலும் ஓட்டம் தணிந்திருக்கும். சில இடங்களில் மேல்நோக்கித் திரும்பிச் சுழலும். படகை ஒதுக்க ஏற்ற இடம் அதுவே. வளைவின் வெளிப்புறத்தில் ஓட்டம் கடுமையானது, கரையும் செங்குத்தாக அரிக்கப்பட்டிருக்கும். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரம் இன்னும் ஆபத்து. தண்ணீர் கிளைகளுக்குள்ளால் போய்விடும், ஆள் போகமுடியாது. ஆகவே கரையேறும் துறை அத்தகைய இடத்துக்கு நன்றாக மேலேயே இருக்க வேண்டும்.

வீதியிலிருந்து துறைக்குப் படகைச் சுமந்து செல்லும் பாதை யாருடைய தோட்டத்தினூடாகவும் போகலாம். கேட்டுவிட்டே நடக்க வேண்டும். நமது பயிருக்குள்ளால் கேளாமல் நடந்தால் நாம் பொறுப்போமா?

களனியில் இன்னொரு விடயமும் உண்டு. மேலே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் மின்நிலையங்களும் உள்ளன. மின்நிலையத்திலிருந்து தண்ணீர் விடப்படும்போது, வானம் வெளுத்திருந்தாலும் ஆறு உயரும். குளிக்கவோ துணி துவைக்கவோ போகிறவர்கள் கரையோரக் கல் ஒன்றை அடையாளம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் நனையத் தொடங்கினால், அல்லது தண்ணீர் கலங்கிச் சருகும் குச்சியும் மிதந்து வந்தால், உடனே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலேறுங்கள். துணி போனால் போகட்டும்.

தவறி ஓட்டத்தில் அகப்பட்டவர் எழுந்து நிற்க முயலக்கூடாது. கால் கல்லிடுக்கில் சிக்கினால் ஓட்டம் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி மிதந்து, ஓட்டம் தணிந்த இடம் வந்ததும் கரைக்கு நீந்த வேண்டும்.