வீட்டம்மாவுக்கும் ஒரு நாற்காலி



கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கேரளத்தில் 2018-லேயே வந்தது. ஆனால் நம் கடைகளில் அதிக நேரம் நிற்பவர் யார்? நம் வீட்டம்மாதான்.

பாடாலூரில் எங்கள் மண்டியிலும் அப்படித்தான். விடியலில் சமையல், பகலில் சின்ன வெங்காயம் தரம் பிரிப்பு, இரவில் பேரேடு. இரண்டு ரூபாய் கணக்கு உதைத்தாலும் என் மனைவி தூங்கமாட்டாள். ஆள் வைக்கலாம் என்றால், "அவர்களுக்குச் சரியாக வராது" என்பாள். அதை நானும் பெருமையாகவே எண்ணினேன். ஒருநாள் மூட்டை அருகே மயங்கி விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

பிறகு மூன்று ஏற்பாடுகள் செய்தோம். பத்து ரூபாய்க்குள் கணக்கு உதைத்தால் காலையில் பார்ப்பது. பொட்டலம் போட ஒரு பெண்ணை வைத்தோம்; கட்டு கோணலாக இருந்தாலும் எடை சரியாக இருந்தால் போதும். இரவு எட்டுக்கு மேல் கதவைத் தட்டினால், "காலையில் வாருங்கள்" என்று அவளே சொல்கிறாள். அதனால் ஒரு வாடிக்கையும் போகவில்லை.

உதவி கேட்பது கையாலாகாத்தனம் அல்ல. இதை அவர்களிடம் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். நாளைக்கே கல்லா அருகே ஒரு நாற்காலி போடுங்கள்.