10 மி.மீ பிளக் வயர் போட்டா பவர் ஏறுமா? பழைய பெட்ரோல் கார் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு கைடு!

சிவப்பு, நீலம், மஞ்சள்னு கலர் கலரா, தடி தடியா பிளக் வயர்கள். மாட்டிட்டு பானெட்டைத் திறந்தா, அசல் ரேஸ் கார் லுக்! 'இதைப் போட்டா பிக்-அப் பிச்சுக்கும்' என்று விளம்பரங்களும் ஆசை காட்டும். செகண்ட் ஹேண்டில் ஒரு எஸ்டீமோ, ஜிப்ஸியோ வாங்கி, ஆட்டோகிராஸ், டிராக் டே என்று கொஞ்சம் வேகமாக ஓட்ட ஆசைப்படும் பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். நல்ல பிளக் வயர், உங்க இன்ஜினுக்குப் புதுசா பவர் எதையும் கொடுக்காது. ஆனா, மோசமான வயர், இருக்கிற பவரைத் திருடிடும். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிஞ்சுட்டா, எதை வாங்கணும், எதை வாங்கக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிடலாம்.

முதல்ல, உங்க கார்ல பிளக் வயர் இருக்கா?

இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக் மேலேயும் ஒரு குட்டி காயில் உட்கார்ந்திருக்கும். அதில் நீளமான பிளக் வயருக்கு வேலையே இல்லை. பழைய கார்களில் கதை வேறு. ஒரே ஒரு காயில். அது உருவாக்கும் மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்க ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'டெல்கோ' என்று சொல்வது இதைத்தான். அதிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயர்தான் நம்ம ஹீரோ. அம்பாசடர், பத்மினி, மாருதி 800, எஸ்டீம், ஜிப்ஸி எல்லாம் இந்த வகை.

இந்திய ரேஸிங் வளர்ந்ததும் இப்படிப்பட்ட எளிமையான இன்ஜின்களோடுதான். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களில் இருந்தது, மாருதி 800-ன் மூணு சிலிண்டர் இன்ஜின். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத் தாங்கியதுதான்.

12 வோல்ட் பேட்டரி, 20,000 வோல்ட் பொறி!

பேட்டரி கொடுப்பது வெறும் 12 வோல்ட். அதை 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுவது காயில். ஏன் இவ்வளவு? பிளக் முனையில் இருக்கும் ஒரு மில்லி மீட்டர் அளவு இடைவெளியை மின்சாரம் தாவிக் கடக்கணும். அதுவும் சாதாரணக் காற்றில் இல்லை. பிஸ்டன் அழுத்திப் பிடித்திருக்கும் கலவைக்குள்ளே. அழுத்தம் கூடக் கூட, தாவுவதற்குத் தேவையான வோல்ட்டேஜும் கூடும்.

அதனால்தான் வயர் வீக்கா இருந்தா, ஐடிலிங்கில் வண்டி சமர்த்தாக இருக்கும். மேட்டில் ஃபுல் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் 'மிஸ்' அடிக்கும். பிளக்கைத் தாவிப் போறதைவிட, விரிசல் விட்ட வயர் வழியா பக்கத்தில் இருக்கும் இரும்புக்குத் தாவுவது மின்சாரத்துக்குச் சுலபம். 6,000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டருக்கு விநாடிக்கு 50 பொறி தேவை. அதில் சில தவறினாலே இழுவை போச்சு. இன்னொரு ஆபத்தும் இருக்கு. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கி உருக்கிடும். சின்ன செலவில் முடிய வேண்டியது பெரிய பில்லில் வந்து நிற்கும்.

தடியான வயர்... அதிக பவரா?

7 மி.மீ, 8 மி.மீ, 8.5 மி.மீ, 10 மி.மீ என்று பெட்டியில் போட்டிருப்பது வயரின் வெளிச்சுற்று அளவு. உள்ளே மின்சாரம் போகும் கம்பி தடிப்பு என்று அர்த்தமில்லை. கூடியிருப்பது பெரும்பாலும் மேலே இருக்கும் சிலிக்கான் உறைதான். அது வெப்பத்தையும், மின்சாரம் கசிவதையும் நன்றாகத் தாங்கும். அவ்வளவுதான்.

'ரெசிஸ்டன்ஸ் கம்மி, அதனால ஸ்பார்க் பெருசு' என்பது அடுத்த விளம்பரம். பொறி தாவும் அந்தக் கணம் வரை வயரில் கரன்ட் ஓடுவதே அபூர்வம். தாவிய பிறகு ஓடுவதும் மில்லி ஆம்பியர் கணக்குதான். அதனால் நல்ல நிலையில் இருக்கும் சாதாரண இன்ஜினில் ரெசிஸ்டன்ஸைக் குறைத்துக் கிடைக்கும் லாபம், ஸ்டீயரிங் பிடிக்கும் உங்களுக்குத் தெரியாது. கலவை ஒருமுறை பத்திக்கிட்டா பொறியோட வேலை முடிஞ்சது. ரெண்டாவது தடவை பத்தாது!

அப்போ பெர்ஃபாமன்ஸ் வயர் யாருக்குத் தேவை? கம்ப்ரஷன் ஏற்றிய இன்ஜின், டர்போ பொருத்திய இன்ஜின், வயர் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் ஹெடர் கொதிக்கும் இன்ஜின். இங்கே வோல்ட்டேஜும் வெப்பமும் அதிகம். சாதாரண உறை சீக்கிரம் தோற்றுப்போகும்.

மூணு வகை... எது உங்களுக்கு?

* கார்பன் கோர்: கம்பெனியில் இருந்து வரும் கார்களில் சர்வ சாதாரணம். கார்பன் ஏற்றிய நார்தான் உள்ளே. அடிக்குச் சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். விலை குறைவு. வருஷக்கணக்கில் வெப்பம் பட்டு, கண்டபடி இழுத்தால் உள்ளே அறுந்துபோகும். தினமும் ஆபீஸ் போகும் காருக்கு இதுவே போதும்.

* ஸ்பைரல் கோர்: மெல்லிய கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருப்பார்கள். ரெசிஸ்டன்ஸ் அடிக்குச் சில நூறு ஓம், அல்லது அதற்கும் கீழே. அந்தச் சுற்று அமைப்பே ரேடியோ இரைச்சலையும் அடக்கிவிடும். உழைப்பும் அதிகம். டிராக்குக்குப் போகும் காருக்கு இதுதான் சரி.

* சாலிட் கோர்: வெறும் செம்புக் கம்பி. ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். கேட்க ஜோரா இருக்கும். ஆனா, ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி இரைச்சலைக் கிளப்பும். ரேடியோ கரகரப்பது சின்ன விஷயம். இசியு-வும் சென்சார்களும் குழம்பினால் வண்டி அதுவாகவே திணறும். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் காருக்கு இது வேண்டவே வேண்டாம்.

பிளக்கையும் ஒரு பார்வை பாருங்க. என்ஜிகே-வின் 'பிபிஆர்6இஎஸ்' மாதிரி பெயர்களில் வரும் 'ஆர்', உள்ளேயே ரெசிஸ்டர் இருக்கிறது என்பதற்கான அடையாளம். கார் கம்பெனி சொன்ன பிளக்கையே போடுங்க.

நீங்களே வயர் செய்யலாமா?

உங்க காருக்கென்றே அளவெடுத்த ரெடிமேட் செட் கிடைத்தால், அதை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். டெல்கோவை மாற்றியிருந்தாலோ, காயிலை வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தாலோ, நீளம் பொருந்தாது. அப்போதான் வெட்டிச் செய்யும் கிட் கைகொடுக்கும். தேவை: ஸ்பைரல் கோர் வயர், டெர்மினல்கள், ரப்பர் பூட்கள், பிளக் வயருக்கான கிரிம்ப் டூல், மல்டி மீட்டர், டைஎலெக்ட்ரிக் கிரீஸ்.

1. இன்ஜினை ஆஃப் செய்து, நன்றாக ஆறவிடுங்கள். ஓடும் இன்ஜினில் பிளக் வயரைத் தொடவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம்.

2. ஒரு நேரத்தில் ஒரு வயர் மட்டும். எல்லாத்தையும் மொத்தமா பிடுங்கினா, எது எந்த சிலிண்டருக்குன்னு முழிக்கணும். வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டைப் பிடித்து லேசாகத் திருகிக் கழற்றுங்கள்.

3. வயர் போக வேண்டிய பாதையில் வைத்து அளவெடுங்கள். இன்ஜின் குலுங்கும் என்பதால் கொஞ்சம் தளர்வு விடுங்கள். அதற்காகத் தொங்கவும் கூடாது.

4. பூட்டை முதலில் வயரில் நுழைத்துவிடுங்கள். டெர்மினலை கிரிம்ப் செய்த பிறகு ஞாபகம் வந்தால், திரும்ப முதலிலிருந்துதான்!

5. கிட்டில் சொன்ன நீளத்துக்கு மேல் உறையை மட்டும் சீவுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் பிளேடு படவே கூடாது. அந்தக் கம்பியை உறையின் மேல் பின்னோக்கி மடித்து, டெர்மினலோடு ஒட்டும்படி வைத்து அழுத்துங்கள். கொறடால் நசுக்குவது வேண்டாம்; இங்கே தோற்பவர்கள்தான் அதிகம். இழுத்துப் பார்த்தால் டெர்மினல் அசையக் கூடாது.

6. பூட்டின் உள்பக்கம் லேசாக டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். ஈரம் உள்ளே போகாது. அடுத்தமுறை கழற்றும்போது ரப்பர் கிழியாது. மாட்டும்போது 'க்ளிக்' என்று உட்கார வேண்டும்.

7. மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு வயரையும் மல்டி மீட்டரில் வைத்துப் பாருங்கள். நீளத்துக்கு ஏற்ற மாதிரி எல்லாம் ஒத்துப்போகணும். வயரை ஆட்டும்போது எண் குதித்தால், கிரிம்ப் சரியில்லை.

பாதையும் முக்கியம்!

பல நாலு சிலிண்டர் இன்ஜின்களின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அதாவது, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 3-ம் 4-ம் அடுத்தடுத்து வெடிக்கும். இந்த இரண்டு வயர்களும் ஒட்டி உரசிக்கொண்டு நீளமாகப் போனால், ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் தப்பான நேரத்தில் துடிப்பைத் தூண்டலாம். அதனால் பிளாஸ்டிக் செப்பரேட்டர் போட்டுப் பிரித்து வையுங்கள். டை போட்டுக் கட்டாகக் கட்டினால் பார்க்க அழகு, இன்ஜினுக்கு அவஸ்தை. எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். முடியாவிட்டால் ஃபைபர்கிளாஸ் ஸ்லீவ் போடுங்கள்.

இருட்டில் ஒரு டெஸ்ட்

இப்போ இருக்கும் வயரை மாற்றணுமா என்பதையும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ராத்திரி, காற்றோட்டமான திறந்த இடத்தில், லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. பானெட்டைத் திறந்து, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். வயர் மேல் நீல நிறத்தில் மினுமினுப்பு ஓடினாலோ, 'டிக் டிக்' சத்தத்தோடு பொறி தாவினாலோ, அந்த செட் அவுட். புதுசா மாட்டிய பிறகும் இதே டெஸ்ட்டைச் செய்யுங்கள்.

இந்த டெஸ்ட்டில் உங்க பழைய வயர் பாஸ் ஆகி, மல்டி மீட்டரும் ஓகே சொல்லி, மேட்டில் மிஸ் அடிக்காமலும் ஏறினால், கலர் வயரைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கோங்க. அந்தப் பணத்துக்கு நல்ல பிரேக் பேடு, புது பிரேக் ஆயில் போடுங்க. டிராக்கில் முதல் வளைவு வரும்போது, பானெட்டுக்குள்ளே என்ன கலர் என்பது ஞாபகத்துக்கே வராது. பிரேக் பிடிக்குதா என்பதுதான் வரும்!