ஈரத்தோடு சத்தும் போகலாமா?

ஒரே கடையில் வாங்கிய பயறு. ஒரே அளவு தானியம். ஆயினும் அரைத்த சத்துமாவின் தரம் வீட்டுக்கு வீடு வேறுபடுவது ஏன்? உலர்த்திய முறையும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். டப்பாவில் விற்கப்படும் சோயா, பட்டாணிப் புரதத் தூள்களுக்கும் இது பொருந்தும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட சங்கிலி. அவற்றுள் லைசினை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. அரிசி, கோதுமையில் அது குறைவு, பயறுகளில் மிகுதி. ஆகவேதான் இரண்டையும் கலக்கிறோம். ஆனால் கடும் சூட்டில் லைசின் மாவிலுள்ள சர்க்கரையுடன் வினைபுரிந்து, உடலுக்குப் பயன்படாமற் போகிறது. 1912ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் மெயார் விளக்கிய வினை இது. பழுப்பு நிறமும் வறுத்த மணமும் இதன் அடையாளங்கள். மணம் கூடினால் சத்தும் கூடும் என எண்ணலாகாது.

அப்படியானால் வெப்பம் பகையா? அன்று. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. அதை அடக்க வெப்பமே வேண்டும். அளவுதான் முக்கியம்.

ஆலைகளில் புரதக் கரைசலை நுண்துளிகளாகத் தெளித்து, ஏறத்தாழ 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூடான காற்றில் உலர்த்துவர். நீர் ஆவியாகும்போது துளி குளிர்வதாலும், சில நொடிகளில் வேலை முடிவதாலும் சேதம் குறைவு. உறைய வைத்து, வெற்றிடத்தில் பனியை நேரே ஆவியாக்குவது மற்றொரு முறை. அதில் புரதத்தின் இயல்பு பெரிதும் காக்கப்படும். செலவோ மிக அதிகம். தட்டுகளில் பரப்பி நெடுநேரம் வெப்பக் காற்றில் காயவைத்தால், தூள் நிறம் மாறி, நீரில் எளிதில் கரையாத நிலையும் ஏற்படலாம்.

வீட்டில் நமக்குள்ள அபாயம் வேறு: அரைகுறை உலர்த்தல். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை விளைவித்த நஞ்சே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. அஃப்ளடாக்சின் எனப்படும் அந்நஞ்சு, வறுத்தாலும் முற்றிலும் அழியாது.

எனவே முளைகட்டிய பயறைக் குவித்து வைக்காதீர்கள். நல்ல வெயில் நாளில் தூய துணியில் மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிடுங்கள். மேலே மெல்லிய துணி போர்த்தினால் தூசியும் ஈயும் அண்டா. வெளிச்சத்தில் அழியும் ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமினும் ஓரளவு காக்கப்படும். மாலையில் பனி படுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். கடித்தால் 'படக்'கென உடையும்வரை காயட்டும். பிறகு இளஞ்சூட்டில், கருகாமல் வறுத்து, நன்கு ஆறியபின் அரைத்து, ஈரமற்ற டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். பூஞ்சை கண்டாலோ, பூசண வாடை வீசினாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒரு பிடி மாவு வீணாகிறதே என்று மனம் வருந்தலாம். அதை உண்ணும் பிள்ளையின் உடல்நலம் அம்மாவினும் பெரிதன்றோ!