முதுநிலைப் படிப்பு: எந்த வாயிலில் நுழைவது?

அண்மையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். மகள் பி.ஏ. பொருளியல் இறுதியாண்டு படிக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று கேட்டார்கள். நானும் முப்பதாண்டுகளாகச் சொல்லிவந்த விடையைத் தயக்கமின்றிச் சொன்னேன்: 'முதலில் எம்.ஏ., அடுத்து எம்.பில்., பிறகு முனைவர் பட்டம்.' அந்தப் பெண் பணிவோடு, 'ஐயா, இப்போது எம்.பில். இல்லையே' என்றார்.

அவர் சொன்னதே சரி. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, பல்கலைக்கழகங்கள் எம்.பில். படிப்பை நடத்தக் கூடாது. இது எனக்குத் தெரியாத செய்தியன்று. ஆயினும் பழக்கத்தில் வாய் பழைய வழியையே சொல்லிவிட்டது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல வீட்டில் எவருமில்லை. அவர்கள் ஆசிரியரைத்தான் நம்பி வருகிறார்கள். ஆசிரியர்களாகிய நாமோ பல நேரங்களில் நம் காலத்து வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றைய பாதையைக் காட்டுகிறோம். அந்தக் கூச்சமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரு பெரிய பொதுப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைக் கல்விக்கு ஒரு வாயில் மட்டும் இருப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களோடு 1857-இல் தோன்றியது அது. முதல் அரை நூற்றாண்டில் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கற்பித்தல் கல்லூரிகளின் பணி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பல்கலைக்கழகம் தனக்கென ஆராய்ச்சித் துறைகளை அமைக்கத் தொடங்கியது. இந்த இரட்டைப் பிறப்பு இன்றும் தொடர்கிறது. இணைவுபெற்ற கல்லூரிகளில் படித்தாலும் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்தான். பல்கலைக்கழகத் துறைகளில் படித்தாலும் அதே பல்கலைக்கழகப் பட்டம்தான். தொலைநிலைக் கல்வி நிறுவனத்தில் படித்தாலும் அப்படியே. சான்றிதழின் தலைப்பில் ஒரே பெயர் இருக்கிறது. ஆனால், மாணவர் பெறும் கல்வி ஒன்றாக இருப்பதில்லை.

முதல் வாயில், பல்கலைக்கழகத் துறைகள். சேப்பாக்கம் வளாகத்தில் வரலாறு, பொருளியல், தத்துவம், அரசியல், இதழியல், மானிடவியல் முதலிய துறைகளும், இராமானுஜன் பெயரிலான கணித உயர் ஆய்வு நிறுவனமும் உள்ளன. மெரினா வளாகத்தில் தமிழ் உள்ளிட்ட மொழித் துறைகள். கிண்டி வளாகத்தில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், உயிரி இயற்பியல் போன்ற அறிவியல் துறைகள். தரமணி வளாகத்தில், நெடுங்காலம் துணைவேந்தராக இருந்த ஆ.இலட்சுமணசாமி முதலியாரின் பெயர் தாங்கிய அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம். மருத்துவராகாமலேயே மரபியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றை ஆழ்ந்து கற்க விரும்புவோருக்கான இடம் அது. நீட் தேர்வில் தவறிய வருத்தத்தோடு அறிவியல் பட்டம் படித்த மாணவர் பலருக்கு இப்படியோர் இடம் இருப்பதே தெரிவதில்லை.

பொருளியலிலும் இதே நிலைதான். பொருளியலுக்கு ஒரு துறையும், பொருளாதார அளவையியலுக்குத் தனியே ஒரு துறையும் உண்டு. கணிதத்திலும் புள்ளியியலிலும் நாட்டமுள்ளவருக்கு இரண்டாவதும், கொள்கை, வளர்ச்சி, வரலாறு ஆகியவற்றில் ஆர்வமுள்ளவருக்கு முதலாவதும் பொருந்தலாம். விண்ணப்பப் படிவத்தில் அடுத்தடுத்த இரு வரிகளாகத் தெரியும் இவை, இரண்டாண்டுகளுக்குப் பின் ஒருவரை இரு வேறு பணிகளுக்கு இட்டுச் செல்லக்கூடியவை.

துறைகளில் படிப்பதன் தனிச்சிறப்பு, விருப்பத் தெரிவு முறை. அடிப்படைப் பாடங்களோடு, பிற துறைகள் நடத்தும் சில விருப்பப் பாடங்களையும் மாணவர் தேர்ந்தெடுக்கலாம். பொருளியல் மாணவர் மானிடவியல் வகுப்பிலும், வரலாற்று மாணவர் மொழித் துறை வகுப்பிலும் அமரலாம். ஒரே பாடத்தை மட்டும் நடத்தும் நிறுவனத்தில் இது இயலாது. எனினும், பெரும்பாலான மாணவர்கள் 'எந்தத் தாளில் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும்' என்று மூத்தவர்களிடம் கேட்டே இந்த வாய்ப்பைச் செலவழித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வாயில், இணைவுபெற்ற கல்லூரிகள். இங்கு ஆசிரியரின் கவனிப்பு நெருக்கமாக இருக்கும். வீட்டுக்கு அருகிலேயே படிக்கலாம். இளநிலையில் அடித்தளம் வலுவாக அமையாத மாணவருக்கு, நல்ல கல்லூரியொன்றின் முதுநிலைத் துறை பல்கலைக்கழகத் துறையைவிடப் பயன்படக்கூடும். இதைத் தாழ்ந்த தெரிவாகக் கருத வேண்டியதில்லை.

மூன்றாவது வாயில், 1981-இல் தொடங்கப்பட்ட தொலைநிலைக் கல்வி நிறுவனம். உரிய ஒப்புதலுடன் நடத்தப்படும் தொலைநிலைப் பட்டம், நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்பதை மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் உறுதி செய்கின்றன. வேலையில் இருப்போருக்கும், குடும்பப் பொறுப்பால் வகுப்புக்கு வர இயலாத பெண்களுக்கும் இது பெரும் வரம். ஆனால், ஆய்வகமும் விவாதமும் தேவைப்படும் படிப்பை, நேரில் சேர வாய்ப்பிருந்தும் அஞ்சலில் படிப்பது, நீச்சலைப் புத்தகத்தில் கற்பதற்கு ஒப்பாகும்.

இனி, பொருளியல் படித்தவன் என்ற முறையில் செலவுக் கணக்குக்கு வருகிறேன். பெற்றோர் முதலில் கேட்பது கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் குறைவு. ஆனால், முதுநிலைப் படிப்பின் உண்மையான விலை கட்டணத்தில் இல்லை. பட்டதாரி ஒருவர் மாதம் ரூ.15,000 ஊதியத்தில் வேலைக்குப் போக முடியும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டுகள் படிக்கும்போது அவர் இழக்கும் வருமானம் ரூ.3,60,000. கூலி வேலை செய்து பிள்ளையைப் பட்டதாரியாக்கிய குடும்பம், இந்தத் தொகையைத் தன்னையறியாமலே முதலீடு செய்கிறது. வேலை கிடைக்கும்வரை பொழுது போகட்டும் என்று முதுநிலையில் சேர்வது, அந்தக் குடும்பத்தின் முதலீட்டை வட்டியின்றி முடக்குவதாகும். கட்டணம் குறைவு என்பதால் படிப்பும் மலிவு என்று எண்ணிவிடக் கூடாது.

முனைவர் பட்டத்தை நோக்கிச் செல்வோர் புதிய விதிகளை அறிந்திருக்க வேண்டும். இரண்டாண்டு முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் விண்ணப்பிக்கலாம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவரும் நேரடியாக விண்ணப்பிக்க விதி இடமளிக்கிறது. ஆனால், மூன்றாண்டுப் பட்டம் பெறும் நம் மாணவர்களுக்கு முதுநிலையே வழி. ஆய்வுக் காலம் குறைந்தது மூன்றாண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறாண்டு.

தேசியத் தகுதித் தேர்வான 'நெட்' ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படுகிறது. 2024 முதல் அதன் முடிவு மூன்று நிலைகளில் அறிவிக்கப்படுகிறது: ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கான தகுதி. இளநிலை ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் ரூ.37,000, தகுதி மதிப்பீட்டுக்குப் பின் ரூ.42,000. உதவித்தொகையுடன் ஆய்வு செய்வதும், அதுவின்றி ஆய்வு செய்வதும் ஒரே படிப்பன்று. பின்னதில் பாதியில் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அறிவுக் குறைவால் எவரும் நிற்கவில்லை. வீட்டு வாடகையால் நின்றார்கள். எனவே, முதுநிலை முதலாண்டிலேயே இத்தேர்வுக்கு ஆயத்தமாவதுதான் முறை. உதவிப் பேராசிரியர் பணிக்கு 'நெட்' அல்லது மாநிலத் தகுதித் தேர்வே குறைந்தபட்சத் தகுதி என்று 2023-இல் விதி திருத்தப்பட்டிருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு கணக்குக்கும் பிறகு, முதுநிலைப் படிப்பு எதற்காக என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்கு இதே பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் விடை உண்டு. இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக 1915-இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்துப் பாடநூல்களைப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம், விடுமுறையில் சொந்த ஊர்களுக்குச் சென்று நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கணக்கெடுத்து வரும்படி சொன்னார் அவர். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைபுரம் போன்ற ஊர்களைப் பற்றிய அந்த ஆய்வுகள் 1918-இல் நூலாயின. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் பேராசிரியர் பி.ஜே.தாமஸ் முதலியோர் அதே ஊர்களை மீண்டும் ஆய்ந்தனர். தமிழக ஊரகப் பொருளாதாரத்தின் நீண்டகால மாற்றத்தை இன்று நாம் பேச முடிகிறதென்றால், அதற்கு மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றிக் கேட்ட கேள்விகளே அடிப்படை.

கிண்டி வளாகத்திலும் அதுவே நடந்தது. 1952-இல் இயற்பியல் துறைக்கு வந்த ஜி.என்.இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954-இல் கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை முன்மொழிந்தார். 1963-இல் அவரும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய வரைபடம், அவர் பெயராலேயே உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இடம்பெறுகிறது. இளநிலையில் நாம் விடைகளைக் கற்கிறோம்; முதுநிலையில் வினாக்களை எழுப்பக் கற்கிறோம். மனத்தில் ஒரு வினா இருப்பவருக்கே இந்தப் படிப்பு பயன் தரும்.

பெருநகரில் இருப்பதும் இப்பல்கலைக்கழகத்தின் செல்வமே. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கணித அறிவியல் நிறுவனமும், அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் பேருந்தில் சென்றுவரும் தொலைவில் உள்ளன. இவற்றில் ஒன்றுக்கும் போகாமல் சென்னையில் இரண்டாண்டு படித்துத் திரும்பும் மாணவர், விடுதிக்கும் வகுப்புக்குமான தெருவை மட்டுமே பார்த்தவராகிறார்.

குறைகளை மறைப்பதற்கில்லை. 2023 ஆகஸ்டுக்குப் பின் நெடுங்காலம் துணைவேந்தர் இல்லாமல் இப்பல்கலைக்கழகம் இயங்கியது. 2024 தொடக்கத்தில் வரி நிலுவை தொடர்பாக அதன் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதை நாளிதழ்களில் படித்தோம். ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாத துறையில், விருப்பப் பாடம் என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும். 69 விழுக்காடு இடஒதுக்கீட்டால் எளியோருக்குக் கதவைத் திறந்த அரசு, உள்ளே ஆசிரியர் இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். இல்லையெனில், வசதியுள்ளோர் தனியாரிடமும் வெளிநாட்டுக்கும் போய்விடுவர். போக்கிடமற்றோரே அந்த இழப்பைச் சுமப்பர்.

ஆகவே, விண்ணப்பிக்கும் முன் மாணவர் துறைக்கு நேரில் ஒருமுறை சென்று வருவது நல்லது. நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், சென்ற ஆண்டு எந்தெந்த விருப்பப் பாடங்கள் உண்மையில் நடத்தப்பட்டன, அண்மையில் முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், கல்வி உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்ற நான்கையும் கேட்டறிய வேண்டும். இக்கேள்விகளைக் கேட்பது மாணவரின் உரிமை. விடை சொல்வது துறையின் கடமை.

அன்று விடைபெறும்போது அந்தப் பெண்ணிடம், 'உனக்கு எதை அறிந்துகொள்ள ஆசை?' என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, 'எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் அந்தக் கூலியை என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்' என்றார். எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்பதை முடிவுசெய்ய அதன்பின் எங்களுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.